மேல்வீட்டில் இரண்டு அரசாங்கம்

“பாலஸ்தீனக்காரரின்ர ரெண்டு அரசாங்கக் கதை எங்கட மலருக்கு என்னத்துக்குப் பிள்ளை? எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுக்கிற அண்ணை தொலைபேசியில் இப்படிக் கேட்டார். மொன்றியலில் வளர்ந்த பிள்ளைகள் ஆளுக்கொரு சிறுவயது நினைவு எழுத வேண்டும் என்று அழைத்தவரும் அவர்தான். மேல்வீட்டுப் பாலஸ்தீனக் குடும்பத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவருடைய குரல் மாறிவிட்டது.

“முதல் கண்ட ஸ்னோவைப் பற்றி எழுதுமன். பள்ளிக்கூட பஸ்ஸைப் பற்றி எழுதும். சனம் விரும்பி வாசிக்கும். மற்றது, உமக்குத் தமிழில எழுத வருமோ? இல்லாட்டி இங்கிலீசில தாரும், நாங்கள் ஆரையும் பிடிச்சு மாத்துவம்.”

எனக்குத் தமிழில் எழுத வரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா எட்டாம் வகுப்பு. நான் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் படித்து, இன்று அகதி விசாரணைகளில் மற்றவர்களின் வாயாக உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் பின்வரிசை வாங்கில் காற்பந்து அட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது நான் முன்வாங்கில் இருந்து எழுதியவள். இதை அண்ணைக்குச் சொல்லவில்லை. “யோசிக்கிறன் அண்ணை” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் என்னோடு வளர்ந்தவர்களே, அந்தச் செங்கல் தொடர்மாடி உங்களுக்கு நினைவிருக்கும். நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள், அவற்றில் ஒன்று எப்போதும் பழுது. குளிர்காலத்தில் அடித்தொண்டையால் இருமும் வெப்பக்குழாய்கள். மூலை டெப்பனர் கடையில் பழப்பனிக்கட்டி விற்ற வியட்நாமியக் கிழவர். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு நாட்டின் தாளிதம் மணக்கும் படிக்கட்டு. உங்களைப் போலத்தான் நானும் அந்தச் சின்ன வயதில் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். வைத்தியசாலை, வரி அலுவலகம், வீட்டுச் சொந்தக்காரர் எங்கு போனாலும் அப்பா என்னை முன்னால் விட்டுத்தான் போவார். “என்ர பிள்ளை பிரெஞ்சு கதைச்சா வெள்ளைக்காரனே வாயைப் பாப்பான்” என்று வேலைத்தலத்தில் சொல்லித் திரிவார்.

மேல்வீட்டுக்காரர்களை அறிந்ததும் அப்படித்தான். அவர்களுடைய குளியலறைத் தண்ணீர் எங்கள் குசினிக் கூரையால் ஒழுகியது. சண்டை பிடிக்க அப்பா மேலே ஏறினார், நான் முன்னால். கதவைத் திறந்த பெண் என் மொழிபெயர்ப்பு முடிவதற்குள்ளேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சேஜ் இலை போட்ட தேநீர் தந்தார். கீழே இறங்கும்போது அப்பாவின் கையில் ஒரு பெரிய ஒலிவ் எண்ணெய்த் தகரம். மஞ்சள் நிறம், பக்கவாட்டில் அரபு எழுத்து. எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் அந்த எண்ணெயைக் கண்டதில்லை. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு என் தலைக்கு வைத்தார். வகுப்பில் நான் இரண்டு நாள் சலாட் போல மணந்தேன். எண்ணெய் முடிந்த பிறகு அந்தத் தகரத்தில் அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்தார். வீடு மாறியபோது அது எங்கேயோ தவறிவிட்டது.

அவரை நான் அன்ரி என்பேன், கணவரை அங்கிள். அன்ரி காசாவில் பிறந்தவர். அங்கிள் ரமல்லாவுக்குப் பக்கத்து ஊர். இருவரும் என்னோடு பேசியது பிரெஞ்சில். என் காதுக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகவே விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடையின் கடைசிக் கிழமைகளைப் பற்றி. அதற்கு முந்திய கோடையில்தான் பாலஸ்தீனர்களின் இரண்டு பெரிய கட்சிகளும் காசாத் தெருக்களில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. தேர்தலில் வென்ற கட்சி காசாவைப் பிடித்தது. மற்றக் கட்சியின் தலைவர் அந்த அரசைக் கலைத்ததாக அறிவித்து, ரமல்லாவில் வேறொரு அரசு அமைத்தார். கலைக்கப்பட்டவர்களோ நாங்கள் கலையவில்லை என்று இருந்துவிட்டார்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில், நனைந்த துவாய்களைப் பிழிந்தபடி, அன்ரி எனக்கு இதை ஒரே வரியில் சொன்னார்.

“நாடு ஒண்டும் இல்லைக் குஞ்சு. அரசாங்கம் ரெண்டு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அது நல்ல பகிடியாகத்தான் இருந்தது.

மேல்வீட்டில் ஒரு தொலைக்காட்சி. ஆனால் ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு அலைவரிசை. அங்கிள் ஒன்றைப் போடுவார், அன்ரி மற்றதுக்கு மாற்றுவார். எங்கள் கூரையால் முதலில் ஒரு செய்தி வாசிப்பாளரின் குரல் வரும், பிறகு வேறொருவரின் குரல், பிறகு மறுபடி முதல் ஆள். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே மேலே பார்த்து, “இண்டைக்கு ஆர் ஆட்சியோ” என்பார்.

அந்தக் கோடை முடியும்போது பகிடி நின்றது. அன்ரிக்கு ஒரு தம்பி, காசாவில் அரசாங்கப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. ரமல்லா அரசின் பக்கம் நின்ற ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் என்றது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் ரமல்லாச் சம்பளம், பள்ளிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள். காசா அரசோ, வராத வாத்தியாரின் இடத்தில் வேறு ஆளைப் போடுவோம், வராதவர் எதிரியின் ஆள் என்றது. போனாலும் ஒரு பக்கம், போகாவிட்டாலும் ஒரு பக்கம். சோக்குக் கட்டியோடு வகுப்புக்குப் போய் வருகிற ஒரு மனிதனுக்கு நடுவில் நிற்க இடமில்லாமல் போனது.

“உலகம் எந்த அரசை ஏற்றிருக்குதோ அதுதான் அரசு. அவன் வீட்டில இருக்கட்டும்” என்பார் அங்கிள்.

“சனம் வோட்டுப் போட்டதை உலகமே வந்து எண்ணினது? அவன்ர வகுப்புப் பிள்ளையள் என்ன செய்யிறது?” என்பார் அன்ரி.

“அவன் போனால் அவங்கட ஆள்தான். பேந்து என்னட்ட அவனைப் பற்றிக் கதைக்காதை.”

கடைசியில் அப்பாவிடம் கேட்பது என்று முடிவெடுத்தார்கள். அப்பா யுத்தம் கண்ட நாட்டிலிருந்து வந்தவர், இயக்கங்கள் தெரிந்தவர், வயதிலும் மூத்தவர். அவர் சொல்வதைத் தம்பிக்கு அப்படியே சொல்வதாக அன்ரி சொன்னார். அங்கிளும் தலையாட்டினார். அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நான் வேறெப்போதும் கண்டதில்லை. உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிற ஆளிடம், ஒரு வாத்தியாரின் வாழ்க்கையை என்ன செய்வது என்று இரண்டு பேர் ஆலோசனை கேட்க வருகிறார்கள். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பின்பல்கனியில் கதிரைகளை ஒழுங்குபடுத்தினார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒழுங்கையில் பிள்ளைகள் ஹொக்கி மட்டைகளால் டெனிஸ் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் முக்காலியில்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“எங்கட ஊரிலயும் முந்தி கன இயக்கம் இருந்தது. ஒவ்வொரு சந்திக்கும் ஒரு இயக்கம். ஆர் சொல்லுறதைக் கேக்கிறது எண்டு சனத்துக்குத் தெரியாது. பேந்து ஒண்டு மற்றதை முடிச்சுது. அதோட பிரச்சினை தீந்துது. சொல்லு பிள்ளை.”

நான் சொன்னேன். என் பிரெஞ்சு அன்று வழுக்கிக்கொண்டு போனது. ‘அதோட’ என்ற இடத்தில் ஆசிரியை சொல்லித்தந்த ஓர் அழகான இணைப்புச் சொல்லைப் போட்டேன்.

“முடிச்சது எண்டால்?” என்று அங்கிள் கேட்டார்.

“சுட்டதுதான். சந்தியில போட்டு எரிச்சது. நான் அப்ப சந்திக் கடையில வேலை. முடிச்சுப்போட்டு வந்த பொடியளுக்குத் தாகம். முதலாளி சோடாப் பெட்டியை உடையெண்டார். நான்தான் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொருத்தருக்கும் குடுத்தனான். சனமும் வந்து பாத்துக்கொண்டு நிண்டது. அண்டையிலயிருந்து எங்களிட்ட ரெண்டு இல்லை. ஒண்டுதான். உங்கட தம்பியைப் பலமான பக்கத்தோட நிக்கச் சொல்லுங்கோ. மற்றவையள் கொஞ்ச நாளில இல்லாமல் போயிடுவினம்.”

இதையும் நான் சொன்னேன். சோடா, சந்தி, எரித்தது, ஒன்றுதான். ஒன்றும் விடவில்லை. அங்கிள் என் அப்பாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று அவர் வியப்பதாக நினைத்தேன்.

பல்கனிக் கதவில் சத்தம் கேட்டது. அம்மா தேநீர்த் தட்டோடு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. தட்டை வைத்தார், கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னும் நகர்த்தினார், உள்ளே போனார். அப்பாவின் கோப்பையை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. தானே எடுத்துக் குடித்தார்.

அம்மாவின் அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் அப்பாவின் மச்சான் முறையான ஒருவரின் பெரிய படம், பிளாஸ்டிக் மாலையோடு, சிவப்புக் குமிழோடு தொங்கியது. அவர் வென்ற இயக்கத்தில் இருந்து இராணுவத்தோடு சண்டையிட்டு இறந்தவர். அம்மாவின் அண்ணன் தோற்ற இயக்கத்தில் இருந்தவர். அவருடைய படம் அம்மாவின் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. அலுமாரியைத் திறந்தால் சேலைகளுக்குப் பக்கத்தில் அவர் சிரிப்பார். பெரிய கழுத்துப்பட்டை, மீசை அரும்புகிற முகம். மறைத்துவைத்தது என்று சொல்ல முடியாது, எங்கள் எல்லோருக்கும் தெரியும். அலுமாரிக்குள் இருக்கிற மாமா என்றுதான் நானே சொல்வேன். விருந்தாட்கள் வரும்போது அலுமாரி பூட்டியிருக்கும், அவ்வளவுதான். அவரை எரித்த சந்தி, அப்பா சோடாப் பெட்டி தூக்கிய சந்தி. ஊரில் சந்தி என்று சொல்ல வேறு எது இருந்தது? அவர் போனதோடு அம்மாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. துரோகியின் தங்கை என்று வகுப்பில் பக்கத்தில் இருக்க மறுத்தார்களாம். எட்டாம் வகுப்பு அதனால்தான். இவையெல்லாம் தனித்தனியாக எனக்குத் தெரிந்தவை. பல்கனியில் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பகல், அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா அலுமாரியைத் திறந்து படத்தை மெதுவாக உரித்தார். ஒட்டுநாடாவோடு கதவின் பூச்சும் கொஞ்சம் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. அம்மா என்னை விட்டுவிட்டு மேலே ஏறியது அதுதான் முதல் தடவை. நான் செருப்பில்லாமல் பின்னால் போனேன்.

அன்ரி கதவைத் திறந்தார். அங்கிள் உள்ளே மேசையில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார். அம்மா படத்தை இரண்டு கையாலும் நீட்டி, வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்யும்போது பழகிய பிரெஞ்சில், “மொன் ஃப்ரேர்” என்றார். என் அண்ணன்.

அன்ரி படத்தை வாங்கிப் பார்த்தார். முகத்திலிருந்தே விளங்கிவிட்டது. “இராணுவமோ?” என்று கேட்டார்.

அம்மா தலையாட்டி மறுத்தார். பிறகு கையைத் தன் நெஞ்சில் வைத்துத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். நாங்கள்.

அங்கிள் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார்.

அப்போதுதான் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “சொல்லு. நேற்று அப்பா சொன்னது ஆலோசனை இல்லை. தம்பி போறாரோ இருக்கிறாரோ அவற்ற விருப்பம். அங்க நிக்கிறது அவர், நாங்கள் இல்லை. ஆனா அவர் எதைச் செய்தாலும், இந்த வீட்டுக்குள்ள அவரைத் துரோகி எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லாதேங்கோ. அது ஒருக்கா வாயில வந்துதெண்டால் பேந்து நிப்பாட்டேலாது. சொல்லு.”

நான் சொல்லத் தொடங்கினேன். முதல் நாள் அத்தனை வழுக்கிய பிரெஞ்சு நின்று நின்று வந்தது. பாதியில் அழுதுவிட்டேன். அன்ரி படத்தைப் பார்த்து, “பெயர் என்ன?” என்று கேட்டார். அம்மா சொன்னார். அன்ரி திருப்பிச் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை பிழைத்தது. அம்மா திருத்தினார். இரண்டாம் தடவை சரியாக வந்தது.

தம்பி பள்ளிக்குப் போனார். ரமல்லாச் சம்பளம் நின்றது. அங்கிள் சில மாதங்கள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று அன்ரி அம்மாவுக்குச் சொல்லச் சொன்னார். கூரையால் வருகிற குரல்கள் அதன் பிறகும் மாறி மாறித்தான் வந்தன. அடுத்த ஆண்டு அவர்கள் பக்கத்து நகரமான லவாலுக்கு வீடு மாறினார்கள்.

அப்பாவுக்கு அம்மா மேலே போனது தெரியும். அதைப் பற்றி வீட்டில் கதைத்ததை நான் கேட்டதில்லை. படம் அலுமாரிக் கதவுக்குத் திரும்பியது. நவம்பரில் வழக்கம்போல வென்ற இயக்கத்தின் மாவீரர் நாளுக்கு மண்டபத்துக்குப் போனோம். மாவீரர் படங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. அப்பாவின் மச்சானுக்கு அப்பா விளக்கேற்றினார். அம்மா இருநூறு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோயிருந்தார், பின்னால் மேசையில் நின்று எல்லோருக்கும் பரிமாறினார். நான் மேடையேறிப் பேசினேன். சனிக்கிழமை வகுப்பில் எழுதித்தந்த பேச்சு. ஒரே மக்கள், ஒரே தலைமை, ஒரே குரல் என்று முடியும். நீங்களும் அந்த மண்டபத்தில் இருந்திருப்பீர்கள், நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். பின்னால் ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவும் கைதட்டினார். பிள்ளை நன்றாகப் பேசுகிறாள் என்பதற்காக. எனக்கு இன்றைக்கும் பேச்சின் ஒரு சொல்கூட மறக்கவில்லை. அந்தக் கைகளை நினைத்தால் முகம் சுடுகிறது.

பிறகு எங்கள் யுத்தம் முடிந்தது. ஒன்றுதான் என்று அப்பா சொன்ன அந்த ஒன்றும் இல்லாமல் போனது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த நகரத்தில் எங்கள் சங்கம் இரண்டாக உடைந்தது உங்களுக்குத் தெரியும். மக்களின் உண்மையான பிரதிநிதி யார் என்று இரண்டும் இன்றுவரை அறிக்கை விடுகின்றன. ஒரே ஞாயிறில், ஒரே பூங்காவில், மரங்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு விளையாட்டு விழா. இரண்டு மலர். இரண்டின் அட்டையிலும் அதே விளக்கு. பாலஸ்தீனக்காரரின் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்ட அண்ணை ஒரு மலரின் ஆசிரியர். மறு கிழமை மற்ற மலரின் ஆசிரியரும் அழைத்தார். அவரும் ஸ்னோவைத்தான் கேட்டார்.

போன வசந்தத்தில் லவாலுக்குப் போய் அன்ரியைப் பார்த்தேன். அங்கிள் இப்போது இல்லை. காசாவில் தம்பியின் வீடும் அவருடைய பள்ளியும் இல்லை. அவர் கூடாரத்தில் இருக்கிறார். கிடைக்கிற நாட்களில் தொலைபேசியில் ஒரு சொல் வரும். “இனி அங்க ஆர் ஆளப்போகினம் எண்டு உலகம் முழுக்கக் கூடிக் கதைக்குது. அவனை ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார் அன்ரி. சேஜ் தேநீர் ஊற்றினார். பிறகு, “உன்ர அம்மாவிட்ட அந்தப் படம் இன்னும் இருக்கோ?” என்று கேட்டு, மாமாவின் பெயரை முழுதாகச் சொன்னார். திருத்தத் தேவையிருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வெளியே அந்தப் பெயரை நான் கேட்டது அன்ரியின் வாயிலிருந்து மட்டும்தான். இத்தனை ஆயிரம் தமிழர் வாழ்கிற நகரத்தில், அதைச் சொல்ல லவாலில் ஒரு பாலஸ்தீனப் பெண் இருந்தார். மெத்ரோ ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் நான் யன்னல் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாமாவின் படத்தையும் பெயரையும் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். அம்மா அலுமாரியைத் திறந்து படத்தை உரித்து, வீட்டுச் சட்டையின் நுனியால் துடைத்தார். “பெயரைப் பிழையில்லாமல் எழுது” என்றார்.

அப்பா முன்னறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சோடாக் கதையும் எழுதினியோ?”

“ஓம் அப்பா.”

“பயத்தில குடுத்ததெண்டு எழுது” என்றார் அப்பா.

“பயத்திலயோ அப்பா குடுத்தனீங்கள்?”

அப்பா தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார். அது ஓடவில்லை. நான் காத்திருந்தேன். அவர் பதில் சொல்லியிருந்தால் அதை இங்கே எழுதியிருப்பேன்.

இந்தக் கட்டுரையில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. படத்தின் கீழே மட்டும் ஒரு பெயர் இருக்கிறது. தமிழில், பிழையில்லாமல். இதே கட்டுரையை, இதே படத்தோடு, இரண்டு மலர்களுக்கும் அனுப்புகிறேன்.